உயிரின் தோற்றமும் ஆய்வுக்கூடத்தின் எல்லையும்



உயிர் எவ்வாறு தோன்றியது என்பது கவிஞர்க்கும் சமயத்தார்க்கும் மெய்யியலார்க்கும் பொதுவான வினா. அவ்வினாவைக் கண்ணாடிக் குடுவைக்குள் இறக்கி, அடுப்பிலேற்றி, விடை வடிகிறதா என்று பார்த்தவர்கள் அறிவியலார். குடுவைக்குள் நிகழ்வதைக் கொண்டு, முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் யாரும் காணாமல் நிகழ்ந்த ஒன்றை விளக்கிவிட முடியுமா? முடியும் என்போரும் முடியாது என்போரும் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். இதனை இலக்கிய வட்டத்தில் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இவ்வழக்கின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒன்று புலப்படும். குடுவையில் விளைந்தது என்ன என்பதைவிட, விளைந்ததற்கு என்ன பெயர் சூட்டுவது என்பதிலேதான் பெரும்பூசல் நடந்திருக்கிறது. சொல்லைத் தொழிலாகக் கொண்டோர்க்கு அப்பூசலில் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது.

பாரிசில் நடந்த ஒரு வழக்கிலிருந்து தொடங்கலாம். பிரான்சு நாட்டு ரூவான் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்கு இயக்குநராக இருந்தவர் ஃபெலிக்ஸ் பூஷே. கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் உலர்ந்த புல்லை இட்டு வைத்தால் நுண்ணுயிர்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று 1859இல் அவர் ஒரு பெருநூல் எழுதினார். பிரெஞ்சு அறிவியல் கழகம் இச்சிக்கலுக்குத் தெளிவு தருவோர்க்கு 2,500 பிராங்கு பரிசு என்று அறிவித்தது. லூயி பாஸ்டர் களத்தில் இறங்கினார். அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்த குழலுடைய குடுவைகளைச் செய்வித்தார். உள்ளே ஈஸ்ட்டும் சர்க்கரையும் சேர்ந்த நீர். அதனைக் கொதிக்க வைத்தபின் காற்று தாராளமாகப் போய்வரலாம். காற்றோடு வரும் தூசி மட்டும் வளைவிலேயே தங்கிவிடும். நீர் தெளிவாகவே இருந்தது. கழுத்தை ஒடித்துவிட்டதும் சில நாள்களில் கலங்கியது. 1862இல் பரிசு பாஸ்டருக்கே கிடைத்தது.

பாடநூல்கள் கதையை இவ்விடத்தில் முடித்துவிடுகின்றன. கதை அத்தோடு முடியவில்லை. 1863இல் பூஷே, தம் நண்பர் இருவருடன் பிரனீஸ் மலையின் பனிப்பாறைப் பகுதிக்கு ஏறிச்சென்று, தூசு குறைந்த அந்தக் காற்றில் தம் குடுவைகளைத் திறந்து மூடினார். அத்தனையும் கலங்கின. அவர் பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொன்னார். அவருடைய நீரில் ஊறியது புல். பாஸ்டருடைய நீரில் இருந்தது ஈஸ்ட். புல்லில் வாழும் ஒருவகைப் பாக்டீரியம் வித்துக்களாக ஒடுங்கிக்கொண்டு கொதிநீரையும் தாங்கும் என்பதை 1876இல்தான் ஃபெர்டினாண்ட் கோன் எடுத்துக்காட்டினார். பாஸ்டரும் புல்லையே எடுத்துக்கொண்டிருந்தால் அவர் குடுவைகளும் கலங்கியிருக்கக்கூடும். நடுவர் குழு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மனம் நொந்து பூஷே போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். பட்டிமன்றத்தில் நடுவர் இறுதியில் தீர்ப்பைச் சொல்லியே ஆகவேண்டும். பாரிசில் சொல்லப்பட்ட தீர்ப்பு சரியானது; அதற்குக் காட்டப்பட்ட காரணத்தில்தான் ஓர் ஓட்டை இருந்தது. பூஷே கண்டது மெய். கண்டதற்கு அவர் இட்ட ‘தானே தோன்றுதல்’ என்ற பெயர்தான் பிழை.

இவ்வழக்கைப் பற்றி இன்னுமொரு மயக்கமும் உண்டு. உயிரற்றதிலிருந்து உயிர் தோன்றவே தோன்றாது என்று பாஸ்டர் நிலைநாட்டிவிட்டார் என மேடைகளில் முழங்குவோர் இன்றும் உளர். இன்று வாழும் நுண்ணுயிர்கள், கொதித்து ஆறிய நீரில் சில நாள்களில் புதிதாய் முளைப்பதில்லை என்பதே அவர் காட்டியது. உயிரே இல்லாதிருந்த புவியில், கோடிக்கணக்கான ஆண்டுகளில், கடலிலும் எரிமலைச் சரிவிலும் என்ன நடந்திருக்கலாம் என்பது வேறு வினா. அன்னக்கழுத்துக் குடுவைக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வேறு வினாவைச் சார்லஸ் டார்வின் 1871இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் தயக்கத்தோடு தொட்டார். இளஞ்சூடான ஒரு சிறு குட்டையைக் கற்பனை செய்து பார்த்தார். 1924இல் உருசியாவின் ஓபாரினும், 1929இல் இங்கிலாந்தின் ஹால்டேனும் தனித்தனியே அதற்கு உடல் கொடுத்தனர். தொடக்கக் காலப் புவியின் காற்றில் உயிர்வளி இல்லை. புற ஊதாக் கதிரும் மின்னலும் அக்காற்றைத் தாக்கக் கரிமச் சேர்மங்கள் விளைந்து கடலில் சேர்ந்தன. அக்கரைசலில் உயிர் முகிழ்த்தது என்பது இருவர் கருத்தின் சாரம். ஹால்டேன் 1957இல் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

ஆனால் அதுவரை யாவும் எழுத்திலேயே இருந்தன. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு யூரேயின் மாணவர் ஸ்டான்லி மில்லர், இருபத்திரண்டு வயதில், அதனைக் குடுவைக்குக் கொண்டுவந்தார். 1934இல் நோபல் பரிசு பெற்றிருந்த யூரே, முனைவர் பட்ட மாணவன் ஒருவன் இத்தகைய சூதாட்டத்தில் இறங்குவதை முதலில் விரும்பவில்லை. பிறகு இசைந்தார். ஒரு சிறு குடுவையில் நீர் கொதிக்கிறது. ஆவி மேலேறி, ஐந்து லிட்டர் கொள்ளும் பெருங்குடுவையை அடைகிறது. அங்கே மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன். அவற்றினூடே இடையறாது மின்பொறி பாய்கிறது, அதுதான் மின்னல். பின்னர்க் குளிர்ந்த குழாயில் ஆவி நீராகிச் சொட்டி, மீண்டும் சிறு குடுவைக்கே திரும்புகிறது. அதுதான் மழையும் கடலும். ஒருநாள் கழிந்ததும் நீர் இளஞ்சிவப்பாயிற்று. ஒரு வாரம் முடிந்தபோது கருஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தது. வடிதாளில் பிரித்துப் பார்த்தபோது கிளைசினும் இருவகை அலனினும் ஐயத்திற்கிடமின்றித் தெரிந்தன. புரதத்தைக் கட்டும் கற்களில் சில, யாரும் இடாமலேயே குடுவையில் கிடந்தன.

1953ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் ‘சயின்ஸ்’ இதழில் அக்கட்டுரை மில்லர் பெயரால் மட்டும் வெளிவந்தது. தம் பெயரும் இருந்தால் புகழ் முழுதும் தமக்கே வந்துவிடும் என்று யூரே ஒதுங்கிக்கொண்டார். ஆராய்ச்சி நெறியாளர்கள் ஒருமுறை இதனை நினைத்துப் பார்க்கலாம். கட்டுரையின் தலைப்பையும் கவனிக்க வேண்டும். அதில் ‘உயிர்’ என்ற சொல் இல்லை. ‘அமினோ அமிலங்களின் ஆக்கம்’ என்று இருக்கிறது. எந்தச் சூழலில்? ‘தொடக்கப் புவியின் சூழலில்’ என்றுகூட மில்லர் எழுதவில்லை; அதற்கு முன் ‘இருந்திருக்கக்கூடிய’ என்று ஓர் அடைமொழி இட்டார். அவ்வோர் அடைமொழியில் அவருடைய நேர்மை முழுவதும் அடங்கியிருக்கிறது. குடுவையில் உயிரைப் படைத்துவிட்டார்கள் என்று வியந்தவர்களும், படைப்பைக் கேலி செய்கிறார்கள் என்று வெகுண்டவர்களும் அந்த அடைமொழியைப் படிக்காதவர்கள்.

பின்னர் அந்த அடைமொழியின் மேல்தான் இடி விழுந்தது. தொடக்கக் காலக் காற்றில் மீத்தேனும் அம்மோனியாவும் அத்தனை மிகுதியாக இருந்திருக்க முடியாது, கரியமில வாயுவும் நைட்ரஜனுமே மிகுந்திருக்கும் எனப் புவியியலார் பலர் வாதிட்டனர். அக்கலவையில் மின்பொறி பாய்ச்சினால் விளைச்சல் மிகவும் அருகியது. மில்லரின் சோதனை பொருளற்றதாயிற்று என்று எழுதியவர்கள் உண்டு. 2008இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதற்கு ஒரு திருப்பம் தந்தது. அத்தகைய கலவையிலும் அமினோ அமிலங்கள் தோன்றவே செய்கின்றன. உடன் தோன்றும் நைட்ரைட்டுகள் அவற்றை அழித்துவிடுகின்றன. நீர் புளித்துப்போகாமல் காத்து, அழிவைத் தடுக்கும் பொருள்களையும் சேர்த்தால் விளைச்சல் பெருகுகிறது என்று அது காட்டியது. அதே 2008இல், முந்தைய ஆண்டு மறைந்த மில்லர் 1950களிலிருந்து மூடிப் பாதுகாத்து வைத்திருந்த சிறு குப்பிகளை அவருடைய மாணவர் ஜெஃப்ரி பாடாவும் பிறரும் புதிய கருவிகளால் ஆராய்ந்தனர். எரிமலை ஆவி பீறிடுவதைப் போல அமைந்த ஒரு சோதனையின் எச்சத்தில் 22 அமினோ அமிலங்கள் இருந்தன. மில்லர் விளைவித்தது மில்லர் அறிந்ததைவிட மிகுதி.

இவ்வரலாற்றில் மிகவும் சுவையான பகுதி 2021இல் நிகழ்ந்தது. இசுபெயின், இத்தாலி நாட்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய கேள்வி கேட்டனர்: மில்லரின் குடுவை எதனால் ஆனது? போரோசிலிக்கேட் கண்ணாடி. எல்லா ஆய்வுக்கூடங்களிலும் இருப்பது. ஆகவே எவரும் அதனைப் பொருட்படுத்தியதில்லை. அவர்கள் அதே சோதனையை மூவகையாய்ச் செய்தனர்: கண்ணாடிக் கலத்தில் ஒருமுறை, டெஃப்லான் கலத்தில் ஒருமுறை, கண்ணாடித் துண்டுகள் இட்ட டெஃப்லான் கலத்தில் ஒருமுறை. டெஃப்லானில் விளைச்சல் அளவிலும் வகையிலும் குன்றியது. கண்ணாடித் துண்டுகளை இட்டதும் பெருகியது. கண்ணாடிக் கலத்திலோ மிகவும் பெருகியது. அம்மோனியா கலந்த காரநீர் கண்ணாடியின் மேற்பரப்பைச் சிறிதே கரைக்கிறது. கரைந்த சிலிக்காவும் அரிபட்ட பரப்பும் வேதிவினைக்குத் துணைநிற்கின்றன. எழுபது ஆண்டுகளாய்ச் சோதனையைத் தாங்கிநிற்பதாய் மட்டும் எண்ணப்பட்ட கலம், சோதனைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஐயுறுவோர்க்கு இது நல்ல சான்று. காணாத ஒன்று குடுவையிலேயே ஒளிந்திருக்கும்போது, காணாத காலத்தைப் பற்றிப் பேசுவது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மறுதலையும் உண்டு. தொடக்கப் புவி டெஃப்லானால் ஆனதன்று. சிலிக்கேட் பாறையால் ஆனது. காற்றையும் நீரையும் மின்னலையும் எண்ணிச் சேர்த்த மில்லர், பாறையை எண்ணாமலே சேர்த்துவிட்டார். சோதனையின் குறை சோதனையாலேயே வெளிப்பட்டது என்பதை ஐயுறுவோரும் மறுக்க இயலாது. நூலறிவால் மட்டும் வாதிட்டவர் எவரும் கண்ணாடியை ஐயுற்றதில்லை.

இனி இந்திய மண்ணில் நிகழ்ந்த ஒன்று. அதிகம் பேசப்படாதது, பேசப்பட வேண்டியது.

அலகாபாத் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆசிரியராக இருந்தவர் கிருஷ்ண பகதூர். சிக்காகோவில் மின்பொறி என்றால் அலகாபாத்தில் வெயில். ஃபார்மால்டிஹைடின் ஒரு வடிவத்தையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் நீரில் கலந்து வெயிலில் வைத்தபோது அமினோ அமிலங்கள் தோன்றியதாக 1954இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதினார். அடுத்த பத்தாண்டில் அவர் இன்னும் தொலைவு சென்றார். அம்மோனியம் மாலிப்டேட், பாஸ்பேட் உப்பு, வேறு சில தாதுக்கள், ஃபார்மால்டிஹைடு ஆகியவை சேர்ந்த கலவையை வெயிலில் வைத்தால் நுண்ணிய உருண்டைகள் தோன்றுகின்றன, அவை உள்ளிருந்தே வளர்கின்றன, மொட்டுவிட்டுப் பெருகுகின்றன, அவற்றினுள் வளர்சிதை மாற்றம் போன்ற வினைகள் நடக்கின்றன என்று கூறினார். எஸ். ரங்கநாயகியும் அவரோடு இவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டவர். அவ்வுருண்டைகளுக்குப் பகதூர் ‘ஜீவாணு’ என்று பெயர் சூட்டினார்.

ஜீவன், அணு என்னும் இரு சொற்களின் சேர்க்கை. கவித்துவமான பெயர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தியில் ‘ஜீவாணு’ என்பது பாக்டீரியாவைக் குறிக்க வழங்கும் சொல். உயிருள்ளதா இல்லையா என்று ஆராயப்பட வேண்டிய பொருளுக்கு, உயிருள்ளது என்று முன்பே ஒப்புக்கொண்ட பெயரை இட்டாயிற்று. மில்லர் ஓர் அடைமொழியைச் சேர்த்து ஒதுங்கி நின்ற இடத்தில், பகதூர் ஒரு பெயரைச் சூட்டி முன்னே பாய்ந்தார்.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இதனைச் சரிபார்க்கும் பணியை 1967இல் இருவரிடம் தந்தது. ஒருவர் லிண்டா கேரன். மற்றவர் சிரில் பொன்னம்பெருமா. இவர் 1923இல் இலங்கையின் காலி நகரில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் பட்டம் பெற்றார். பெற்றது வேதியியலில் அன்று, மெய்யியலில். அதன் பின்னரே இலண்டனில் பெர்னாலிடமும் கலிபோர்னியாவில் மெல்வின் கால்வினிடமும் வேதியியல் பயின்று, உயிரின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சியில் உலகறிந்தவரானார். மெய்யியலில் தொடங்கியவர் இவ்வினாவிடம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. இருவரும் ஜீவாணுச் சோதனைகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தனர். அவ்வுருண்டைகள் உயிருள்ளவை என்று கொள்ள இடமில்லை. அவற்றின் இயல்பும் பண்புகளும் இனிமேல்தான் தெளிவாக மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பதே அவ்வறிக்கையின் முடிபு.

அதன்பின் ஜீவாணுவை உலகம் ஏறத்தாழ மறந்தது. இழப்பு எங்கே நேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வெயிலில் வைத்த எளிய உப்புக் கலவையில், புறத்தோல் போன்ற எல்லையோடு நுண்ணுருண்டைகள் உருவாகின்றன என்பது மிகவும் பொருட்படுத்தத் தக்க செய்தி. உயிர் தோன்ற வேண்டுமானால், உள்ளே புறமே என்று பிரிக்கும் ஓர் எல்லை எங்கோ தோன்றியிருக்க வேண்டும். தொடக்க உயிரணுவின் மாதிரியைக் கோட்பாட்டால் வகுத்த அங்கேரி நாட்டுத் திபோர் கான்டி அவ்வுருண்டைகளில் ஈடுபாடு காட்டியதும் இதனாலேயே. ‘ஒளியால் விளைந்த நுண்ணுருண்டைகள்’ என்று ஓர் எளிய பெயரோடு அவை உலகிற்கு வந்திருந்தால், வேதியியலார் பலர் அவற்றைத் தம் மேசையில் வைத்துப் பார்த்திருப்பர். ‘ஜீவாணு’ என்று வந்ததால், ‘இது உயிரா’ என்று ஒரே கேள்வி கேட்டு, ‘இல்லை’ என்று ஒரே விடை சொல்லி, கதவை அடைத்துவிட்டனர். பகதூரின் உழைப்பைக் குறைத்துரைப்பது இங்கு நோக்கமன்று. பொருளுக்கு முன்னே பெயர் ஓடிவிட்டால் பொருளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதற்கு அறிவியலில் இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

கடுமையாகத் தீர்ப்புரைத்த பொன்னம்பெருமாவின் சோதனைகளும் வேறொரு வகையில் தாக்குதலுக்கு உள்ளாயின. 1963இல் அவரும் கார்ல் சாகனும் ரூத் மரினரும், அடினின், ரைபோஸ், ஒரு பாஸ்பேட் சேர்மம் ஆகியவற்றின் கரைசலில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, உயிரணுக்களின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யை உண்டாக்கிக் காட்டினர். உண்மையான விளைவுதான். ஆனால் தொடக்கப் புவியில் தூய அடினினையும் தூய ரைபோஸையும் தனித்தனியே பிரித்து, அளந்து, ஒரே கரைசலில் ஊற்றியது யார்? இக்கேள்விதான் இவ்வழக்கின் உயிர்நிலை. பாறையும் காற்றும் செய்யவேண்டியதை ஆய்வாளரின் கை செய்துவிடுகிறது.

இக்குறையை ஓயாமல் எடுத்துரைத்தவர் 2011இல் மறைந்த அமெரிக்க வேதியியலார் இராபர்ட் ஷபீரோ. அவர் படைப்புக் கொள்கையினர் அல்லர். உயிர் இயற்கையாகவே தோன்றியது என்று நம்பியவர். 2009இல் மான்செஸ்டரில் ஜான் சதர்லண்டும் உடனுழைத்தோரும் ஆர்.என்.ஏ.வின் நான்கு கூறுகளில் இரண்டை, தொடக்கப் புவியில் இருந்திருக்கக்கூடிய எளிய மூலக்கூறுகளிலிருந்து புதியதொரு வழியில் ஆக்கிக் காட்டினர். சர்க்கரையையும் காரத்தையும் தனித்தனியே ஆக்கிப் பின் ஒட்டும் பழைய முயற்சிகள் தோற்ற இடத்தில், இரண்டையும் தனியே ஆக்காமலே அவர்கள் வென்றனர். வேதியியலார் பலர் மகிழ்ந்தனர். ஷபீரோ அசையவில்லை. இத்தனை தூய பொருள்கள் இந்த வரிசையில் இந்த வேளையில் ஒன்றுகூடுவது, ஆய்வாளர் ஒருவர் அருகே நிற்காமல் நடவாது என்பதே அவர் மறுப்பு.

ஞெலிகோலைக் கடைந்து தீ உண்டாக்கிக் காட்டும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தீயை முதன்முதல் ஆக்கிய மனிதன் யார், எந்த மலையில், எந்த நாளில் என்று அவர் சொல்லிவிடவில்லை. தீ மேலுலகிலிருந்து வரவேண்டியதில்லை, இரு மரத்துண்டுகளிலிருந்தே பிறக்கக்கூடும் என்பதை மட்டும் காட்டிவிட்டார். அது சிறிய செய்தியன்று. ஆனால் கடைந்தது ஒரு கை. மனிதன் இல்லாத காட்டில் கோலைக் கடைவது யார் என்று கேட்டால், அவர் காற்றையோ மின்னலையோ காட்டியாக வேண்டும். ஆய்வுக்கூடம் ‘இப்படி நிகழ முடியும்’ என்று சொல்லும் அதிகாரமுடையது. ‘இப்படித்தான் நிகழ்ந்தது’ என்று சொல்லப் பாறையும் விண்கல்லும் வந்து சாட்சி சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கலப்போர் இரு அணியிலும் இருக்கின்றனர். ஆய்வுக்கூடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டது என்போர் முதலாவதை இரண்டாவதாகக் கொள்கின்றனர். இரண்டாவது கிட்டாததால் முதலாவதும் ஒன்றுமில்லை என்போர் மறு அணியினர்.

இந்நிலையில் செர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்து வேதியியலார் கிளெமென்ஸ் ரிச்சர்ட் 2018இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை பெரும் விவாதங்களைவிடப் பயனுடையதாயிற்று. உயிரின் தோற்றம் பற்றிய ஒவ்வொரு சோதனையிலும் மனிதக் கை எத்தனை முறை குறுக்கிட்டது என்பதை எண்ணி வெளியிடுங்கள் என்றார் அவர். எத்தனை முறை புதிய பொருள் சேர்க்கப்பட்டது, எத்தனை முறை வடிகட்டித் தூய்மை செய்யப்பட்டது, எத்தனை முறை வெப்பம் மாற்றப்பட்டது. எண்ணிக்கை குறையக் குறையச் சோதனை இயற்கையை நெருங்கும். இந்த அளவுகோலால் பார்த்தால் மில்லரின் சோதனை மீண்டும் உயர்ந்து நிற்கிறது. வாயுக்களை நிரப்பி, அடுப்பை மூட்டி, மின்பொறியைத் தொடங்கியபின் ஒரு வாரம் அவர் கை குடுவைக்குள் நுழையவில்லை. விளைந்தது எளியது, ஆனால் தானாக விளைந்தது. சதர்லண்டின் விளைச்சல் அரியது. அதற்குக் கை பலமுறை வேண்டியிருந்தது.

கற்களிலிருந்து கட்டடத்திற்கு வருவோம். தன்னைத்தான் படியெடுக்கும் மூலக்கூறு ஒன்று கிடைத்துவிட்டால் பின்னர் இயற்கைத் தேர்வு பார்த்துக்கொள்ளும் என்பது பலர் நம்பிக்கை. 1967இல் சோல் ஸ்பீகல்மன் குழுவினர் ஒரு நச்சுயிரியின் ஆர்.என்.ஏ.யை, அதனைப் படியெடுக்கும் நொதியோடும் மூலப்பொருள்களோடும் சோதனைக்குழாயில் இட்டு, வளர்ந்ததிலிருந்து ஒரு துளியை அடுத்த குழாய்க்கு மாற்றிக்கொண்டே சென்றனர். விரைவாகப் பெருகியது மட்டுமே பிழைத்தது. எழுபத்து நான்காம் மாற்றத்தில் அந்த ஆர்.என்.ஏ. தன் நீளத்தில் 83 விழுக்காட்டை இழந்திருந்தது. நச்சுயிரியாய் வாழ உதவிய செய்திகள் யாவும் போயின. படியாவதற்கு வேண்டியது மட்டும் எஞ்சியது. சொற்சுருக்கத்தைப் போற்றும் கவிஞர்கள் இதனைச் சற்றே அச்சத்தோடு கேட்கலாம்: சுருங்கச் சுருங்கப் பொருளும் போய்விட்ட ஒரு செய்யுள் அது.

அங்கே நொதி வெளியிலிருந்து தரப்பட்டது. 2009இல் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் டிரேசி லிங்கனும் ஜெரால்டு ஜாய்சும் புரத நொதியே இல்லாமல், இரு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஆக்கிக்கொண்டு பெருகுவதைக் காட்டினர். தீனி கிடைக்கும் வரை அவை ஓய்வதில்லை. போட்டியிட்டு வென்ற புதிய வகைகளும் தோன்றின. அத்தீனியோ அரைகுறையாகக் கட்டிவைத்த ஆர்.என்.ஏ. துண்டுகள், அவற்றைக் கட்டியது ஆய்வாளர் கை. ஜாய்ஸ் இதனை உயிர் என்று அழைக்க மறுத்தார். முற்றிலும் புதியதொரு செயலைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் அதற்கில்லை என்பது அவர் சொன்ன காரணம். பகதூரின் பெயரிடலை நினைவில் வைத்திருப்போர்க்கு, பெயரிட மறுத்த இந்த அடக்கம் விளங்கும்.

கையே படாத ஒரு சோதனை உண்டா? உண்டு, அது வானில் நடந்தது. 1969 செப்டம்பர் 28ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரருகே விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970இல் பொன்னம்பெருமா குழுவினர் அறிவித்தனர். விழுந்த கல்லில் மண்ணின் அழுக்குச் சேர்ந்திருக்கும் என்ற ஐயம் எழக்கூடியதே. அந்த ஐயத்திற்கு இடமின்றி, பென்னு என்னும் சிறுகோளிலிருந்தே 121.6 கிராம் மண்ணை நாசாவின் விண்கலம் அள்ளி, 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலைவனத்தில் சேர்த்தது. 2025 சனவரியில் முடிவுகள் வெளிவந்தன. புரதங்களுக்கு வேண்டிய 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டிற்கும் வேண்டிய ஐந்து காரங்களும் இருந்தன. குடுவையுமில்லை, கண்ணாடியுமில்லை, ஆய்வாளருமில்லை. மில்லரின் அடைமொழி குறித்த காற்று இருந்ததோ இல்லையோ, அவர் குடுவையில் கண்ட வகைப் பொருள்கள் இயற்கையில் விளைகின்றன என்பது உறுதியாயிற்று. ஆய்வுக்கூடம் சொன்ன ‘முடியும்’ என்பதற்கு வானம் சொன்ன சாட்சி இது.

அதே மண்ணில் ஒரு மௌனமும் இருந்தது. அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று ஆடிப்பாவையான இரு வடிவங்களில் அமையக்கூடியவை. உயிரினங்களின் புரதங்களில் இருப்பவை இடக்கை வடிவத்தவை. பென்னுவின் மண்ணில் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. மில்லரின் குடுவையிலும் அப்படித்தான். எழுத்துக்கள் கிடைத்துவிட்டன, ஆனால் ஒவ்வோர் எழுத்தும் நேராகவும் தலைகீழாகவும் கலந்து கிடக்கின்றன. இக்குவியலிலிருந்து ஒரு கையை மட்டும் தேர்ந்தது எது?

சிறு சமனின்மை ஒன்று தானே பெருகி முழுமையாகக்கூடும் என்பதை 1995இல் தோக்கியோவில் கென்சோ சோவாய் ஒரு வேதிவினையால் காட்டியிருக்கிறார். ஒரு பக்கம் சற்றே மிகுந்த விளைபொருளைத் தொடக்கத்தில் சிறிது இட்டால், வினையின் முடிவில் அப்பக்கமே பெரிதும் மேலோங்குகிறது. மீண்டும் மீண்டும் செய்தால் மறுபக்கம் ஏறத்தாழ இல்லாமலே போகிறது. ஆகவே ‘முடியும்’ என்பது இங்கும் கிட்டிவிட்டது. ஆனால் அவ்வினைக்கு வேண்டிய துத்தநாகச் சேர்மம் நீர்பட்ட அளவில் சிதைந்துபோவது. தொடக்கப் புவியோ நீர் சூழ்ந்தது. நீரிலேயே அவ்வாறு பெருகும் வேறொரு வினையைத் தேடும் பணி இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் நடந்துகொண்டிருக்கிறது.